கல் வைத்த தொட்டி

குப்பைத்தொட்டியை மாற்றப் போகிறோம் என்று நகராட்சியிலிருந்து ஒரு பெண் வந்து சொன்னபோது, நான் போட்ட சத்தத்தில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. ஒரு தொட்டிக்காக இவள் ஏன் இந்த ஆட்டம் ஆடுகிறாள் என்று பக்கத்து வீட்டு டீச்சர் நினைத்திருப்பார். நினைக்கட்டும். நான் தொட்டிக்காக ஆடவில்லை என்பது எனக்குத்தான் தெரியும்.

அந்தப் பெண் என்னவோ பணிவாகத்தான் பேசினாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் துண்டுப் பிரசுரம், முகமெல்லாம் வேர்வை.

“இனிமே மூணு தொட்டிம்மா. பச்சைல சமையல் கழிவு. நீலத்துல பேப்பர், பிளாஸ்டிக், பாட்டில், டின். மிச்சம் எல்லாம் சாம்பல் கலர் தொட்டில. பச்சையை வாராவாரம் எடுப்போம். மத்த ரெண்டையும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்.”

“நான் டெய்லர். துணி வெட்டு மூட்டை மூட்டையா விழும். அதை எதுல போட?”

“அது சாம்பல்லம்மா.”

“பிஸ்கட் கவர்?”

“வெறும் பிளாஸ்டிக்னா நீலம். உள்பக்கம் பளபளன்னு இருந்தா சாம்பல்.”

“தயிர் டப்பா?”

“கழுவிட்டு நீலத்துல போடுங்க.”

“குப்பையைக் கழுவிப் போடணுமா? நல்லா இருக்கே கதை! கழுவி, துடைச்சு, பவுடர் அடிச்சு அனுப்பட்டுமா?”

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதோடு போயிருந்தால் நானும் கூடச் சிரித்திருப்பேன். போகிற போக்கில் ஒன்று சொன்னாள் பாருங்கள்.

“இன்னொண்ணும்மா. செவ்வாய்க்கிழமை வண்டி வராது. இனிமே வெள்ளிக்கிழமை.”

அப்போதுதான் நான் கத்தினேன். செவ்வாய்க்கிழமையை யாரைக் கேட்டு மாற்றினீர்கள், உங்கள் இஷ்டத்துக்கு நாளை மாற்றுவதற்கு இது என்ன உங்கள் வீட்டுக் காலண்டரா என்று என்னென்னவோ கேட்டேன். அவள் பிரசுரத்தை வாசல்படியில் வைத்துவிட்டுத் தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடிவிட்டாள்.

விஷயம் இதுதான். எதிர் வீடு என் அண்ணன் வீடு. அவனும் நானும் பேசிக்கொள்வதில்லை. அவன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்பதை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது செவ்வாய்க்கிழமைக் குப்பைத்தொட்டி ஒன்றுதான்.

சண்டைக்கு ஆரம்பம் என் துணி துவைக்கும் மிஷின். அண்ணன் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். எதைக் கண்டாலும் கழற்றாமல் விடமாட்டான். என் மிஷின் லேசாக முனகியது. அதற்காக அதைக் கூறு போட்டுப் பரப்பி வைத்துத் திரும்ப மாட்டினான். மாட்டி முடித்தபோது உள்ளங்கை நிறையத் திருகாணி மிச்சம் இருந்தது. “இதெல்லாம் கம்பெனிக்காரன் சும்மா சேர்க்கிறது” என்று சொல்லிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான். மறுநாள் மிஷின் குதித்துக் குதித்துக் குளியலறையை விட்டே வெளியே வந்து, தண்ணீர்க் குழாயையும் பிடுங்கிவிட்டது. தையல் அறை முழுக்கத் தண்ணீர். ஒரு கல்யாணப் பெண்ணுக்குத் தைத்து வைத்திருந்த துணியெல்லாம் சாயம் ஏறி நாசம்.

நான் திட்டினேன். திட்டாமல் கொஞ்சுவார்களா? அவன் கொஞ்ச நேரம் நின்று கேட்டான். பிறகு, சுவரில் மாட்டியிருந்த என் வீட்டுக்காரர் படத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னான். “உன் வாய்க்குப் பயந்துதான் அந்த மனுஷன் சீக்கிரமா போய்ச் சேந்தான்.”

அவர் போய் வருஷம்கூட ஆகவில்லை. நான் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் போனான். அதோடு சரி. அதற்குப் பிறகு எத்தனையோ மழை, எத்தனையோ வெயில் பார்த்தாகிவிட்டது. அவனும் வரவில்லை, நானும் போகவில்லை. நல்லது கெட்டதுக்கு ஒரே வீட்டுக்குப் போனாலும் அவன் ஒரு மூலை, நான் ஒரு மூலை.

வீம்பில் எனக்குச் சளைத்தவன் இல்லை அவன். தெருவைப் பார்த்த ஜன்னல் பலகைகளை எல்லாம் இழுத்துச் சாத்திவிட்டு வீட்டின் பின்பக்கமே வாழ ஆரம்பித்தான். முன்னறையில் விளக்கு எரியாது. ஆள் நடமாட்டம் தெரியாது. பின்பக்கச் சந்து வழியாகத்தான் போவான், வருவான். ஆனால் குப்பை வண்டி சந்துக்குள் நுழையாது. அதனால் செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் அவனுடைய கறுப்புத் தொட்டி முன்வாசலுக்கு வந்தாக வேண்டும். மூடியை நாய் தள்ளாமலிருக்க ஒரு செங்கல்லை மேலே வைப்பான். ஒரு மூலை உடைந்த செங்கல். உடைந்த மூலை எப்போதும் என் வீட்டுப் பக்கம் திரும்பியிருக்கும்.

என் தையல் மிஷின் ஜன்னலோரம். செவ்வாய்க்கிழமை எழுந்து ஜன்னலைத் திறந்ததும் முதலில் அந்தக் கல்லைப் பார்ப்பேன். “இருக்கான் கல்லுளிமங்கன்” என்று சொல்லிவிட்டுத்தான் காபி போடப் போவேன். மத்தியானம் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்தால் தொட்டி உள்ளே போயிருக்கும். அவன் வைப்பதையும் நான் பார்த்ததில்லை, எடுப்பதையும் பார்த்ததில்லை. கல் வந்ததா, போதும்.

ஒருமுறை கல் வரவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டீச்சரிடம் போய், எதிர் வீட்டில் ஏணி இருக்கிறதா என்று கேட்டு வாருங்கள், நான் கேட்டேன் என்று மட்டும் சொல்லாதீர்கள் என்று அனுப்பினேன். டீச்சர் வந்து, உங்கள் அண்ணன் காய்ச்சலில் கிடக்கிறார், ஏணி இல்லையாம் என்றார். காய்ச்சல்தானே என்று தோளைக் குலுக்கினேன். டாக்டர் வீட்டுக்குப் போனை மட்டும் போட்டுச் சொல்லிவைத்தேன். அவனுக்கு ஏற்கனவே நெஞ்சில் கோளாறு உண்டு. அதனால்தான், வேறொன்றுமில்லை.

இப்போது புரிகிறதா நான் ஏன் கத்தினேன் என்று?

புதுத் தொட்டிகள் வந்து இறங்கின. வீட்டுக்கு மூன்று. தெருவே பொம்மைக் கடை மாதிரி ஆகிவிட்டது. பழைய கறுப்புத் தொட்டியை முதல் வெள்ளிக்கிழமை வாசலில் வையுங்கள், திருப்பி எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அண்ணன் வீட்டுக் கேட்டுக்குள்ளும் மூன்றையும் வைத்துவிட்டுப் போனார்கள். மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. பிரித்து, மூடியைத் திறந்து மூடி, சக்கரத்தை உருட்டிப் பார்த்து, ஒரு திருகாணியாவது கழற்றாமல் அவன் விடமாட்டானே என்று ஒருகணம் நினைத்தேன். வயசாகிவிட்டது, ஆசை விட்டுப்போயிருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சமாதானம் சொல்லிக்கொள்வதற்கு எனக்குக் கொஞ்ச நாளாகவே வேலை இருந்தது. கல்லின் உடைந்த மூலை பல செவ்வாய்க்கிழமைகளாக வேறு பக்கம் திரும்பியிருந்தது. கை நடுங்குகிறது போல, முன்னைப் போல நிதானம் இல்லை போல என்று நினைத்து விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. ஜன்னலைத் திறந்தேன். தெருவில் யாருக்கும் எது எந்தத் தொட்டி என்று தெரியவில்லை. டீச்சர் மூன்றையும் வெளியே வைத்திருந்தார். கோடிவீட்டுக்காரர் நீலத் தொட்டியில் பழைய தலையணையைத் திணித்துக்கொண்டிருந்தார். எதிர் வீட்டு வாசல் காலி. கறுப்புத் தொட்டி கேட்டுக்கு உள்ளேயே நின்றது, தலையில் கல்லோடு.

நாள் மாறியது தெரியவில்லை போலிருக்கிறது என்றேன் எனக்கே. எப்படித் தெரியாமல் போகும், நான் போட்ட சத்தம் ஊருக்கே கேட்டதே என்றது இன்னொரு மனசு. காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றேன்.

புது வண்டி வந்தது. வயிறு மூன்றாகத் தடுத்த பெரிய வண்டி. ஆட்களும் புதுசு. பழைய வண்டியை ஓட்டிய தாடிக்காரர் வரவில்லை; எங்கள் தெருவில் எல்லாரும் அவரைத் ‘தாடி’ என்றுதான் கூப்பிடுவோம். முழங்கை வரை கையுறை போட்ட ஒரு பெண் இறங்கி வாசல் வாசலாகப் போனாள். எதிர் வீட்டுக் கேட்டைத் திறந்து உள்ளே போய், கல்லை எடுத்துத் தரையில் வைத்துவிட்டுக் கறுப்புத் தொட்டியின் மூடியைத் தூக்கினாள். குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“அக்கா, இந்த வீட்ல ஆள் இருக்காங்களா?”

“ஏன்?”

“தொட்டிக்குள்ள சிலந்தி வலை கட்டியிருக்கு.”

“நல்லாப் பாரும்மா. போன செவ்வாய்க்கிழமைதான் அது வெளிய நின்னுச்சு. கல்லோட நின்னுச்சு. என் கண்ணால பாத்தேன்.”

“நின்னிருக்கும்க்கா. ஆனா இதுல குப்பை விழுந்து மாசக்கணக்கா ஆகியிருக்கும். வேணும்னா நீங்களே வந்து பாருங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காபி டம்ளர் எங்கே போனது என்று தெரியாது. செருப்புப் போட்டேனா என்று தெரியாது. பல வருஷமாகத் தாண்டாத தெருவைத் தாண்டி அந்தக் கேட்டுக்குள் நின்றேன்.

தொட்டி சுத்தமாக, காய்ந்து கிடந்தது. ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு வலை. அதில் செத்துப்போன விட்டில் ஒன்று. ஒரு வெங்காயத் தோல்கூட இல்லை. வாராவாரம் நான் பார்த்துப் பார்த்து நிம்மதியாகக் காபி குடித்தது இந்தக் காலித் தொட்டியைத்தான்.

“அண்ணா!” என்று கதவைத் தட்டினேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்து எவ்வளவு காலம் ஆகியிருந்ததோ. பதில் இல்லை. பின்பக்கம் ஓடினேன். அங்கே கதவு உள்பக்கமாகத் தாழிட்டிருந்தது. சமையலறை ஜன்னல் கண்ணாடியில் தூசி. கையுறைப் பெண் என் பின்னாலேயே வந்தாள்.

“அக்கா, போலீசுக்குச் சொல்லுவோம். நீங்க உள்ள போகாதீங்க.”

அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நானும் அதைத்தான் நினைத்தேன். ஆனால் போலீஸ் வரும்வரை நிற்கிற ஜாதி இல்லை நான். முன்வாசலுக்குப் போய் அந்தச் செங்கல்லை எடுத்து வந்து, கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடியில் போட்டேன். கையுறைப் பெண் கையை உள்ளே விட்டுக் கதவின் தாழ்ப்பாளைத் திறந்தாள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். ஒரு நாற்றமும் இல்லை. பூட்டிக் கிடந்த வீட்டின் தூசி வாசனை மட்டும்தான். ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கி, கதவு மூடாமலிருக்கத் துணியை மடித்துச் செருகியிருந்தது. கேஸ் அடைத்திருந்தது. மெயின் சுவிட்சைக் கீழே இறக்கியிருந்தது. மெத்தை சுருட்டி, கயிற்றால் கட்டி, கட்டில் மேல் இருந்தது. செருப்பு இல்லை. மாத்திரை டப்பா இல்லை.

சாகவில்லை. புறப்பட்டுப் போயிருக்கிறான். நிதானமாக, ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துவிட்டு, எதிர் வீட்டில் கூடப்பிறந்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்ற நினைப்பே இல்லாமல் போயிருக்கிறான். பயம் போன இடத்தில் எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. “அடப்பாவி, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா உன் கிரீடம் இறங்கிடுமா?” என்று அந்தக் காலி வீட்டைப் பார்த்துக் கத்தினேன்.

கத்திக்கொண்டே முன்னறைக்குப் போனேன். இருட்டு. சாத்திய ஜன்னலுக்கு முன்னால் ஒரு நாற்காலி. ஜன்னல் பலகையில் ஒரே ஒரு மெல்லிய பட்டை மட்டும் இல்லை. உடைந்து போனதில்லை, கழற்றியது. அதன் திருகாணிகள் ஒரு பாட்டில் மூடிக்குள் ஜன்னல் விளிம்பில் இருந்தன. பக்கத்தில் டம்ளர் வைத்து வைத்து விழுந்த வட்டக் கறைகள். நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த இடுக்கு வழியாகத் தெருவில் வேறு எதுவும் தெரியவில்லை. என் வீட்டு வாசல் தெரிந்தது. வாசலில் நான் குப்பைத்தொட்டி வைக்கிற இடம் தெரிந்தது.

அவனும் பார்த்திருக்கிறான். என் தொட்டி வந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் அவனும் காபியைக் குடித்திருக்கிறான்.

அப்படியானால் இத்தனை செவ்வாய்க்கிழமையும் இந்தக் காலித் தொட்டியை வெளியே வைத்தது யார்? கல்லைத் தூக்கி மேலே வைத்தது யார்? அண்ணன் மகனுக்குப் போன் போட்டேன். அவன் வேறு ஊரில் வேலை பார்க்கிறான். எப்போதாவது கூப்பிட்டு, நல்லா இருக்கீங்களா அத்தை என்பான். அப்பா எப்படி இருக்கார் என்று நானும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை.

“அக்கா,” என்றாள் கையுறைப் பெண். “இந்தத் தெருவைப் பழைய டிரைவர்தான் இவ்வளவு காலம் பாத்தாரு. எங்களுக்கு மாத்திக் கொடுக்கும்போது, இந்த வீட்டுத் தொட்டியை மட்டும் எடுக்காதீங்க, நான் வந்து சொல்றேன்னாரு. நான்தான் மறந்துட்டேன். அவரைக் கேட்டா தெரியும்.”

“தாடியா? எங்க இருக்காரு?”

“குப்பை பிரிக்கிற கூடத்துல வேலைக்குப் போட்டுட்டாங்க. எங்க வண்டி நிறைஞ்சிடுச்சு, இப்ப அங்கதான் போறோம்.”

குப்பை வண்டியின் முன்சீட்டில், டிரைவருக்கும் கையுறைப் பெண்ணுக்கும் நடுவில் உட்கார்ந்து நான் போனதைத் தெரு பார்த்தது. டீச்சர் தயிர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு பேயறைந்த மாதிரி நின்றார். என் மடியில் செங்கல் இருந்தது. அதை எப்போது எடுத்தேன், ஏன் எடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

பிரிப்புக் கூடம் என்பது தகரக் கூரை போட்ட ஒரு பெரிய கொட்டகை. நடுவில் நீளமான ரப்பர் பட்டை ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, ஓடுகிற குப்பையிலிருந்து பாட்டிலை ஒரு கூடையிலும் டின்னை இன்னொரு கூடையிலும் எறிந்துகொண்டிருந்தார்கள். கண்ணாடி விழுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. புளித்த பால் வாடை மூக்கைத் துளைத்தது. பட்டையின் கடைசியில், தாடிக்கு மேல் ஒரு துணி கட்டிக்கொண்டு அவர் நின்றார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. என் கையிலிருந்த கல்லைப் பார்த்தார். துணியை அவிழ்த்தார். வெளியே வாருங்கள் என்று சைகை காட்டினார்.

“டெய்லரம்மா, நானே வந்து சொல்லணும்னு இருந்தேன்.”

“என்ன சொல்லணும்? எங்க என் அண்ணன்?”

“ஆபரேஷனுக்குப் போனாரு. நெஞ்சுல. மகன் இருக்கிற ஊர்ல பெரிய ஆஸ்பத்திரி இருக்காம். போறதுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை வாசல்ல என்னை நிறுத்தி வச்சு சொன்னாரு. ‘மழைக்கு முன்னாடி வந்துடுவேன். அதுவரைக்கும் செவ்வாய்க்கிழமை விடியறதுக்குள்ள என் தொட்டியை வெளிய வச்சிடு. மத்தியானம் உள்ள வச்சிடு. மேல கல்லு வைக்க மறந்துடாதே’ன்னாரு. என் வீடு அடுத்த தெருதானே. வேலைக்கு வரும்போது வெளிய வப்பேன், போகும்போது உள்ள வப்பேன்.”

“காலித் தொட்டியை எதுக்கு வைக்கச் சொன்னான்?”

தாடி என் முகத்தைப் பார்க்கவில்லை. ஓடுகிற பட்டையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“நானும் கேட்டேம்மா. ‘எதிர் வீட்ல ஒருத்தி இருக்கா. தொட்டி வரலைன்னா பயந்துடுவா. பயந்தான்னா டாக்டருக்குப் போன் போடுவா, டீச்சரை ஏணி கேக்க அனுப்புவா. விஷயம் தெரிஞ்சா கெளம்பி வந்து ஆஸ்பத்திரில உக்காந்துடுவா. அவளே தனியா இருக்கிறவ. அவளை எதுக்கு அலைய விடணும்’னாரு.”

ஏணி விஷயம் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. டாக்டருக்குப் போன் போட்டதும் தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிந்துகொண்டு அந்த இடுக்கு வழியாக உட்கார்ந்து பார்த்திருக்கிறான், படுபாவி.

“மழை முடிஞ்சு போச்சே,” என்றேன்.

“ஆமாம்மா.”

“அப்போ எங்க அவன்?”

“தெரியலம்மா.” தாடியின் குரல் இறங்கிவிட்டது. “அவர் நம்பருக்கு எத்தனையோ தடவை அடிச்சேன். முதல்ல மணி போச்சு. அப்புறம் ஆஃப்னு வந்துச்சு. என்னமோ ஆயிடுச்சுன்னு மனசுக்குப் பட்டுச்சு. ஆனா செவ்வாய்க்கிழமை வந்தா, உங்க ஜன்னல் திறக்கிற நேரம் ஞாபகம் வரும். நிறுத்த மனசு வரல. உங்ககிட்ட வந்து சொல்லவும் தைரியம் வரல. வச்சுக்கிட்டே இருந்தேன்.”

கட்டிப்போட்டிருந்த பழைய பேப்பர்க் கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்தேன். உயிரோடு இருக்கிறானா இல்லையா என்பதே தெரியாத ஒருவனுக்காக இந்த மனுஷன் வாராவாரம் கல் வைத்திருக்கிறார். அதைப் பார்த்து, “இருக்கான் கல்லுளிமங்கன்” என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். கையுறைப் பெண் எங்கிருந்தோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கி, குடிக்காமல் கீழே வைத்தேன்.

அப்போது போன் அடித்தது. அண்ணன் மகன்.

“அத்தை, கூப்பிட்டிருந்தீங்களா? வண்டி ஓட்டிட்டு இருந்தேன்.”

“உங்கப்பன் இருக்கானா, இல்லையா? அதை மட்டும் சொல்லு.”

அவன் வாயைத் திறப்பதற்குள் நான் செத்துப் பிழைத்தேன்.

“இருக்கார் அத்தை,” என்றான். அவனுடைய குரல் உடைந்தது. “யாரு சொன்னா உங்களுக்கு?”

“குப்பைத்தொட்டி சொல்லுச்சு. ஏண்டா என்கிட்ட மறைச்சீங்க?”

“நெஞ்சு ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது அத்தை. ஆனா மறுநாளே மூளைக்குப் போற ரத்தம் அடைச்சு, வலது கை, கால் விழுந்துடுச்சு. பேச்சும் போயிடுச்சு. நாம சொல்றது எல்லாம் புரியுது. ஒரு வார்த்தை வரல. உங்களுக்குச் சொல்றேன்னு நான் போனை எடுக்கும்போதெல்லாம் இடது கையால என் கையைப் பிடிச்சுக்கிறார். விடவே மாட்டேங்கிறார். நான் என்ன பண்ணட்டும்?”

பேச்சு போய்விட்டது. என் அண்ணனுக்கு. ஒரே வார்த்தையால் என்னை வாசல் கதவைத் திறந்து பிடிக்க வைத்தவனுக்கு. எத்தனை இரவு அவன் நாக்கு அழுகிப் போக என்று திட்டியிருப்பேன், அதெல்லாம் வாயில் வருகிற வசவு, யார் கேட்டார்கள் அதை நிஜமாக்கச் சொல்லி? வாய்விட்டு அழுதேன். தாடி திரும்பி நின்றுகொண்டார்.

“இப்ப எங்க இருக்கே?”

“ஆஸ்பத்திரிக்குத்தான் வந்திருக்கேன். அப்பா பக்கத்துலதான் நிக்கறேன்.”

“போனை அவன் காதுல வை.”

“அத்தை, அவரால—”

“வைடா!”

ஏதோ உரசுகிற சத்தம். பிறகு மூச்சு. கனமான, இழுத்து இழுத்து வருகிற மூச்சு. அண்ணன் மூச்சு.

இத்தனை வருஷம் மனசுக்குள் அவனுக்காக நான் சேர்த்து வைத்திருந்த திட்டு கொஞ்சமா நஞ்சமா? ஒன்றுகூட வரவில்லை. எனக்கே ஆச்சரியம், என் வாயிலிருந்து வந்தது வேறு.

“அண்ணா, செவ்வாய்க்கிழமை குப்பை வண்டியை நிறுத்திட்டாங்க. இனிமே வெள்ளிக்கிழமைதானாம். மூணு தொட்டி கொடுத்திருக்காங்க. சக்கரம் வச்சது. நீ பாத்தா கழட்டாம விடமாட்டே. தயிர் டப்பாவைக் கழுவிப் போடணுமாம். கேக்குதா?”

மூச்சு.

“உன் சமையல்கட்டு ஜன்னலை உடைச்சுட்டேன். உன் கல்லாலயேதான். நீ வந்து மாட்டு. திருகாணி மிச்சம் வைக்காம மாட்டு.”

அங்கே எங்கோ இரும்பில் தட்டுகிற சத்தம் கேட்டது. டங். கட்டில் கம்பியாக இருக்கும். எஞ்சின் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஸ்பானரால் தட்டிக் கேட்பான், அந்தத் தட்டு எனக்குத் தெரியாதா? சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறேன்.

“நீயா தட்டினே? சரி, கேளு. நான் அங்க வரேன். வேணாம்னா ஒரு தட்டு. வான்னா ரெண்டு தட்டு.”

கண்ணாடிச் சத்தம் கேட்காமலிருக்க இன்னொரு காதைப் பொத்திக்கொண்டேன்.

டங்.

காத்திருந்தேன். இன்னொன்று வரும் என்று காத்திருந்தேன். அந்தக் கை தளர்ந்திருக்கும், மெதுவாகத்தான் தூக்கும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஒரே தட்டு. வேண்டாம் என்கிறான். நெஞ்சில் யாரோ எட்டி உதைத்த மாதிரி இருந்தது.

பிறகுதான் எனக்கு உறைத்தது. அவன் பேச்சை நான் என்றைக்குக் கேட்டிருக்கிறேன், இன்றைக்குக் கேட்பதற்கு?

“சரி,” என்றேன். “நாளைக்குக் காலைல முதல் பஸ்ல வரேன்.”

டங். டங் டங் டங். நிற்கவே இல்லை. கம்பியே பெயர்ந்துவிடும் போல அடித்தான். அண்ணன் மகன் தூரத்தில், “அப்பா, மெதுவா, மெதுவா” என்று பதறுவது கேட்டது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஒரு வார்த்தை இல்லாமல் எவ்வளவு நன்றாகத் திட்டுகிறான்!

“திட்டு,” என்றேன். “வந்து நானும் திட்டறேன்.”